அற்புதக் கதையும் அதனைக் கைமாற்றும் வாசகரும்

தொல்காப்பியச் செய்யுளியலிலே உரைநடையின் வகைகளை ஆசிரியர் நான்காக வகுத்துக் கூறுமிடத்து, பொருள் மரபுக்குக் கட்டுப்படாத பொய்ம்மொழி என ஒன்றனையும் சேர்த்து எண்ணுகின்றார். அதற்கு உரை வகுத்த பேராசிரியர் ஓர் எடுத்துக்காட்டுத் தருகின்றார். யானை ஒன்றும் குருவி ஒன்றும் தம்முள் நட்புப் பூண்டு, இன்ன இடத்துக்குச் சென்று இன்னது செய்தன என்று கூறும் கதை அது. உலகியலிலே நிகழ்தற்கு இயலாதது. ஆயினும் தொடர்ந்து செல்வது. அவ்வளவில் அமையாது, இத்தகைய கதை ஒருவரிடம் ஒருவர் கற்று வழிவழியாக வருவது என்றும் அவர் குறித்துச் செல்கின்றார்.

இந்தச் சிறு குறிப்பு ஆழ்ந்து நோக்கற்பாலது. அற்புதக் கதையின் இலக்கணத்தைக் கூறவந்த ஒருவர், அக்கதையின் பொருளை மட்டும் கூறி நிறுத்தாமல், அது வாழும் முறையையும் உடன் கூறியது ஏன்? யானையும் குருவியும் பேசுவது ஓர் இலக்கணம். அப்பேச்சு ஒருவர் வாயிலிருந்து மற்றொருவர் செவிக்குச் செல்வது இன்னோர் இலக்கணம். இவ்விரண்டும் தனித்தனியானவை அல்ல என்பதும், அற்புதக் கதைகளை வாசிப்போர் தாம் வாசிப்பதைப் பிறருக்குச் சொல்வதும் நூலைக் கைமாற்றுவதும் அக்கதையின் இயல்பிலேயே அடங்கியவை என்பதும் இக்கட்டுரையின் துணிபு. இதனை நிலைநாட்டுவதோடு, அவ்வாறு கைமாற்றும்போது எதனைக் கொள்வது, எதனைத் தள்ளுவது என்பதற்கு ஓர் அளவுகோல் காண்பதும் எமது நோக்கமாகும்.

முதலில் அற்புதம் என்பது யாது என நோக்குவோம். மெய்ப்பாட்டியலிலே எண்வகை மெய்ப்பாடுகளுள் ஒன்றாக மருட்கை கூறப்படுகின்றது. அது பிறக்கும் களங்கள் நான்கு. முன் காணாததைக் காணும்போது உண்டாகும் புதுமை ஒன்று; அளவிறந்ததைக் காணும்போது உண்டாகும் பெருமை ஒன்று; மிக நுண்ணியதைக் காணும்போது உண்டாகும் சிறுமை ஒன்று; ஒன்று திரிந்து மற்றொன்றாவதைக் காணும்போது உண்டாகும் ஆக்கம் ஒன்று. அறிவினாலே அளந்து அமையமாட்டாத இடத்திலே இது தோன்றும் என்பது தொல்காப்பியர் கருத்து. உலகத்து மாயக்கதைகள் யாவற்றையும் இந்நான்கனுள் அடக்கலாம். அரக்கரும் மலையளவான பறவைகளும் பெருமை. கட்டைவிரலளவு மனிதர் சிறுமை. மனிதன் கிளியாவதும் தவளை அரசகுமாரனாவதும் ஆக்கம். ஏழு கடலுக்கு அப்பாலுள்ள நாடு புதுமை. மேலைநாட்டுத் திறனாய்வாளர் இருபதாம் நூற்றாண்டிலே பல நூல்கள் எழுதி ஆராய்ந்த ஒரு வகைக்கு அடிப்படையான பாகுபாடு நம்மிடம் பண்டே இருந்தது. இதனைப் பெருமைக்காகக் கூறவில்லை. கையிலே இருக்கும் கருவியை எடுத்துப் பயன்படுத்தவேண்டும் என்பதற்காகவே கூறுகின்றோம்.

இனி, யாழ்ப்பாணத்திலே அற்புதத்தைக் கூடியிருந்து நுகரும் வழக்கு எவ்வாறு அமைந்தது என்பதைப் பார்ப்போம். பண்டிதமணி சி. கணபதிப்பிள்ளை அவர்கள் நம் நாட்டுப் பண்பாட்டைக் கந்தபுராண கலாசாரம் என்று பெயரிட்டு அழைத்தார்கள். கோயில் மண்டபத்திலே ஒருவர் பாட்டை இசையோடு வாசிப்பார். மற்றொருவர் பயன் சொல்லுவார். ஊரார் இருந்து கேட்பர். 10,000 பாடல்களுக்கு மேற்பட்ட பெருநூல் ஒன்று இவ்வாறு ஆண்டுதோறும் எழுத்தறியாதவர் செவியிலும் நிறைந்தது. மார்கழியிலே வரும் பெருங்கதை விரத நாட்களிலே வரதபண்டிதரின் பிள்ளையார் கதை கோயில்தோறும் படிக்கப்படுவதையும் யாவரும் அறிவர். சூரபன்மன் கடல் நடுவே மாமரமாகி நின்றதும், வேல் அதனைப் பிளக்க அவன் மயிலும் சேவலுமானதும் ஆக்கம் என்னும் மருட்கைக்கு நாம் அறிந்த தலைசிறந்த எடுத்துக்காட்டுக்கள் அல்லவா?

ஈண்டு ஒன்றைத் தெளிவாக்குதல் வேண்டும். புராணத்தை மாயக்கதை என்று கூறுவது எமது கருத்தன்று. அடியவன் புராணத்தைக் கற்பனையென்று எண்ணிக் கேட்பதில்லை; அவன் வழிபடுகின்றான். மாயக்கதையை வாசிப்பவனோ அது கற்பனை என்று அறிந்துகொண்டே அதனுள் நுழைகின்றான். இவ்விரண்டையும் ஒன்றாக்குதல் பக்திக்கும் இழுக்கு, இலக்கியத்துக்கும் இழுக்கு. நாம் சுட்டவந்தது கேட்கும் முறையையே. பயன் சொல்பவர் ஒருவர் இருந்தார். பாட்டு முடிந்தபின் அதன் பொருளை இன்னொருவர் எடுத்துரைக்கும் வரை வாசிப்பு முடிந்ததாகக் கருதப்படவில்லை. தனியே வாசித்து மூடிவைக்கும் வழக்கம் பிற்காலத்தது. நம் முன்னோருக்கு வாசிப்பு என்பது இருவர் செய்யும் தொழில்.

அச்சு வந்தபின் இத்தொழில் புதிய உருவம் பெற்றது. விக்கிரமாதித்தன் கதையும் மதனகாமராசன் கதையும் மலிவான பதிப்புக்களாகத் தமிழ்நாட்டிலிருந்து கடல் கடந்து வந்து நம் வீட்டுத் திண்ணைகளை அடைந்தன. இவற்றுள் வேதாளக் கதைகளின் அமைப்பு எமது பொருளுக்கு மிக இன்றியமையாதது. முருக்கமரத்திலே தொங்கும் வேதாளத்தை அரசன் தோளிலே சுமந்து செல்கின்றான். வழியிலே வேதாளம் கதை சொல்லுகின்றது. முடிவிலே ஒரு வினாவை எழுப்புகின்றது. விடை தெரிந்தும் கூறாவிடின் தலை வெடிக்கும். கூறினால் மௌனம் கலைந்து வேதாளம் மரத்துக்குத் திரும்பிவிடும். கதையைக் கேட்டவன் வாளாவிருக்க முடியாது என்பதே இதன் உட்பொருள். கேட்டவன் தீர்ப்புச் சொல்லவேண்டும். தீர்ப்புச் சொன்னவுடன் அடுத்த கதை பிறக்கின்றது. திறனாய்வு என்று இன்று நாம் கூறும் தொழிலைக் கதைக்குள்ளேயே ஓர் உறுப்பாக வைத்த இவ்வமைப்புக்கு ஒப்பானது பிறிதொன்று எளிதிற் கிடைப்பதன்று.

ஈழத்துத் தமிழ் நாவலின் தொடக்கமும் அற்புதத்தை ஒட்டியதே. 1885இல் சித்திலெவ்வையின் அசன்பே சரித்திரம் வெளிவந்தது. அதன்பின் 1891இல் திருகோணமலை இன்னாசித்தம்பி அவர்கள் ஊசோன் பாலந்தை கதையை வெளியிட்டார்கள். ஐரோப்பாவிலே நெடுங்காலம் வழங்கிய ஒரு வீரகதையைத் தழுவியது அது. இரட்டைப் பிள்ளைகள் இருவருள் ஒருவன் கரடியால் வளர்க்கப்படுகின்றான். மற்றவன் அரண்மனையிலே வளர்கின்றான். பிரான்சு நாட்டிலே பிறந்த கதை திருகோணமலைத் தமிழிலே வந்து தங்கியது எதனாலே? ஒருவர் வாசித்தார்; தம்மவரும் வாசிக்கவேண்டும் என்று எண்ணினார்; எழுதினார். பேராசிரியர் கூறிய வழிவழி வரவு கடலையும் மொழியையும் கடந்தது. நமது நாவல் வரலாற்றின் வாயிலிலே நிற்பது ஒரு பரிந்துரை என்று கூறினும் தவறாகாது.

பின்னர் 1947 ஜூலையிலே அம்புலிமாமா தோன்றியது. நாகிரெட்டியும் சக்கரபாணியும் சென்னையிலே தொடங்கிய அவ்விதழ் வேதாளத்தை மீண்டும் அரசன் தோளிலே ஏற்றியது. மூலத்திலுள்ள கதைகள் முடிந்தபின்னும் புதிய கதைகளை அதே அமைப்பிலே இட்டு ஆண்டுக்கணக்காக அது நடத்திச் சென்றது. நம்மூர் வாசிகசாலைகளிலே அவ்விதழைச் சிறுவர் சூழ்ந்து நின்று ஒருவர் உரக்க வாசிக்கப் பலர் கேட்ட காட்சியை மூத்த வாசகர் பலர் நினைவுகூர்வர். இன்று அவ்விதழ் இல்லை; அது வளர்த்த கேள்வி கேட்கும் வழக்கமும் உடன் மெலிந்துவிட்டது.

நூலகத்தைக் குறிப்பிடாமல் யாழ்ப்பாணத்து வாசிப்பைப் பேச முடியாது. 1933இலே க. மு. செல்லப்பா அவர்கள் தம் இல்லத்திலே தொடங்கிய சிறு முயற்சி வளர்ந்து, 1959இலே திறக்கப்பட்ட பொது நூலகக் கட்டடமாக உயர்ந்தது. 1981 ஜூன் மாதத் தொடக்கத்திலே அது எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பராயின. அந்நிகழ்ச்சியை நினைக்குந்தோறும் குணாட்டியரின் கதை நினைவுக்கு வரும். கதாசரித்சாகரம் கூறுவது இது: குணாட்டியர் தாம் இயற்றிய பெருங்கதையை அரசன் ஏற்க மறுத்தமையால், காட்டிலே தீ வளர்த்து, ஏட்டை ஒவ்வொன்றாக விலங்குகளுக்கும் பறவைகளுக்கும் வாசித்துக் காட்டித் தீயில் இட்டார். அவை உண்ணாமல் உறங்காமல் கண்ணீர் சொரிந்து கேட்டு நின்றன. அரண்மனைக்கு வந்த இறைச்சி மெலிந்திருந்தமையாலே காரணம் தேடிய அரசன் உண்மை அறிந்து ஓடிவந்தான். ஏழு பங்கிலே ஆறு பங்கு எரிந்துவிட்டது. ஒரு பங்கு எஞ்சியது. அந்த எச்சத்தின் வழியிலே வந்தவற்றுள் ஒன்றுதான் கொங்குவேளிரின் பெருங்கதையும். நூலை எரித்தது தீ. காத்தது கேட்டவர்களின் பசி மறந்த ஈடுபாடு. எமக்கு இக்கதை வெறுங் கதையாகத் தோன்றுவதில்லை.

இவ்விடத்திலே என் சொந்த அநுபவம் ஒன்றைக் கூறுதற்கு வாசகர் இசைவார்களாக. 1990ஆம் ஆண்டு தொடங்கிய பொருளாதாரத் தடைக்காலத்திலே நான் சிறுவன். மின்சாரம் இல்லை, மண்ணெண்ணெய் அரிது. ஜாம் போத்தலிலே சிறிது எண்ணெய் விட்டுத் திரியிட்ட விளக்கைச் சூழ்ந்து படித்தோம். புதிய நூல்கள் வருவது அருகிவிட்டமையால் பழைய நூல்களே ஊரைச் சுற்றி வந்தன. அவற்றுள் ஒன்று மாயக்கதை நூல். அட்டை இல்லை, ஆசிரியர் பெயரும் இல்லை, இறுதித் தாள்கள் சிலவும் இல்லை. மந்திரவாதி ஒருவன் மூன்று விதைகளை ஓர் இடையனுக்குக் கொடுக்கின்றான். ஒவ்வொரு விதையும் ஒரு விருப்பத்தை நிறைவேற்றும். ஆனால் ஒவ்வொரு முறையும் அவனுக்கு நெருங்கிய ஒருவரின் நினைவிலிருந்து அவன் பெயர் அழிந்துபோகும். மூன்றாம் விதையை அவன் கையில் எடுக்கும் இடத்திலே எங்கள் நூல் முடிந்துவிட்டது.

நண்பர் மூவர் அதனை மாறிமாறி வாசித்தோம். முடிவை நாங்களே இட்டோம். ஒருவன் இடையனை அரசனாக்கினான். மற்றவன் விதையைக் கடலிலே எறிவித்தான். நானோ மந்திரவாதி மனமிரங்கி எல்லோருக்கும் நினைவைத் திருப்பிக் கொடுத்ததாகச் சொன்னேன். என் முடிவை இருவரும் ஒருசேர மறுத்தனர். அவ்வாறு திருப்பிக் கொடுக்க முடியுமாயின் முன்னே அழிந்ததற்குப் பொருள் என்ன என்று கேட்டனர். பத்துப் பதினொரு வயதுச் சிறுவர் கேட்ட அந்தக் கேள்வியை விடச் சிறந்த திறனாய்வை நான் பின்னர் எந்த நூலிலும் படித்ததாக நினைவில்லை. 1995 அக்டோபர் 30இலே வலிகாமத்து மக்கள் ஊரைவிட்டுப் புறப்பட்டபோது அந்நூல் யார் வீட்டிலோ தங்கிவிட்டது. கதை தங்கவில்லை, நாவற்குழியைத் தாண்டி எங்களுடன் நடந்து வந்தது. சனநெருக்கத்திலே அடிக்கு ஒரு நிமிடமாக நகர்ந்த அந்த இரவிலே என் நண்பன் இடையனுக்கு நான்காவது முடிவு ஒன்றைச் சொல்லிக்கொண்டு வந்தான்.

இவ்வநுபவத்தை இரங்கலுக்காகக் கூறவில்லை. அற்புதக் கதை வாழ்க்கையிலிருந்து தப்பியோடுவோரின் புகலிடம் என்னும் குற்றச்சாட்டை ஆராய்வதற்காகக் கூறினோம். இக்குற்றச்சாட்டு ஈழத்திலே சிறப்பாக வலுப்பெற்றதற்குக் காரணம் உண்டு. 1950களிலும் 1960களிலும் முற்போக்கு எழுத்தாளர் இயக்கமும், கைலாசபதி, சிவத்தம்பி முதலிய பேராசிரியர்களும் யதார்த்தத்தை இலக்கியத்தின் உயிராக வற்புறுத்தினர். சாதிக் கொடுமையும் வறுமையும் மலிந்த சமுதாயத்திலே, அரசகுமாரிகளின் கனவுகளைத் தள்ளி உழைப்பாளியின் வாழ்வை எழுதச் சொன்னது காலத்தின் கட்டளை. அக்கட்டளையாலே நமது சிறுகதையும் நாவலும் பெற்ற வலிமையை மறுப்பவர் நன்றி மறந்தவராவர். ஆயினும் ஒரு விளைவை ஒப்புக்கொள்ளல் வேண்டும். அற்புத நவிற்சியிலிருந்து யதார்த்தத்துக்கு என்று இலக்கிய வரலாற்றை ஏணியாக வரைந்தபோது, கீழ்ப்படியிலே நின்றது குழந்தைப்பருவத்துக் குறைபாடாகக் கருதப்பட்டது. குழந்தைகளுக்கும் அப்படியை மறுத்தோம்.

இங்கிலாந்திலே இக்குற்றச்சாட்டுக்கு விடையிறுத்தவர் டோல்கீன். 1939இலே சென் அன்றூஸ் பல்கலைக்கழகத்திலே தேவதைக் கதைகளைப் பற்றி அவர் ஆற்றிய விரிவுரையிலே, போர்க்களத்தை விட்டோடும் வீரனையும் சிறையிலிருந்து வீட்டை நினைக்கும் கைதியையும் ஒன்றாகக் கருதுவது தவறு என்று வாதிட்டார். சிறையிலுள்ளவன் சுவரையும் காவலனையும் தவிர வேறொன்றைப் பேசக்கூடாது என்பது யாருடைய சட்டம்? இவ்வாதத்தை நூலிலே படித்தறியுமுன்னரே நாங்கள் போத்தல் விளக்கின் அருகே அறிந்திருந்தோம். குண்டு வீச்சு விமானம் வந்தபோது பதுங்குகுழிக்குள் இறங்கினோம்; யதார்த்தத்தை ஒருபோதும் மறக்கவில்லை; மறக்க விடவும் இல்லை. இடையனின் மூன்றாம் விதை எங்களுக்குக் கொடுத்தது மறதியன்று. ஒரு விருப்பத்துக்கு என்ன விலை என்று எண்ணும் பழக்கத்தையே அது கொடுத்தது.

டோல்கீனின் பெருங்கதை உருவான முறையும் எமது துணிபுக்குச் சான்றாகும். ஒக்ஸ்போட்டிலே அவரும் லூயிஸ் முதலிய நண்பரும் வாரந்தோறும் கூடித் தாம் எழுதுவதை ஒருவருக்கொருவர் வாசித்துக் காட்டினர். எல்லோரும் ஒரே மனத்தோடு கேட்கவில்லை. அவர் கதையிலே சலிப்புற்றவரும் அக்கூட்டத்தில் இருந்தனர். ஆயினும் லூயிஸ் இடைவிடாது ஊக்கியிராவிடின் அந்நூலை முடித்திருக்கமாட்டேன் என்று டோல்கீன் பிற்காலத்திலே நன்றியோடு கூறினார். 1954இலும் 1955இலும் மூன்று பகுதிகளாக வெளிவந்து உலகெங்கும் பரவிய நூல், முதலில் ஓர் அறையிலே சிலர் கேட்ட நூல். கேட்பவர் இருந்தமையால் கதை எழுந்தது. நம் புராண படன மண்டபத்துக்கும் ஒக்ஸ்போட்டு அறைக்கும் தொலைவு அதிகமில்லை.

இவ்வளவும் அற்புதக் கதைகள் யாவும் நல்லன என்று கூறுவதற்காக அல்ல. கைமாற்றும் வாசகனிடம் காணப்படும் குறை யாதெனில், அவன் நல்ல கதை, வாசித்துப் பார் என்று கூறி அமைந்துவிடுவது. வேதாளம் அவ்வளவில் அவனை விடாது. ஏன் நல்லது என்று கேட்கும். அதற்கு விடையாக மூன்று அளவைகளை நாம் முன்வைக்கின்றோம்.

முதலாவது விதி. அற்புதத்துக்கும் சட்டம் உண்டு. நிகழ முடியாததை நிகழ்த்தும் ஆசிரியன், எவ்வளவு வரை நிகழ்த்தலாம் என்பதை முன்னே கூறிவிட்டு, அதனை மீறாமல் இருக்கவேண்டும். இரணியன் பெற்ற வரத்தை நோக்குக. பகலிலும் இரவிலும் சாவில்லை; உள்ளும் புறமும் இல்லை; மனிதராலும் விலங்காலும் இல்லை. கம்பர் தம் காப்பியத்திலே தனிப்படலமாக விரித்த அக்கதையிலே, வரத்தின் ஓர் எழுத்தும் மீறப்படவில்லை. அந்திப் பொழுதும் வாயிற்படியும் நரசிங்க உருவும் வரத்தின் இடுக்கிலே வழி காண்கின்றன. நாம் வியப்பது இறைவனின் ஆற்றலை மட்டுமன்று, அவ்வாற்றல் தான் கொடுத்த சொல்லுக்குக் கட்டுப்பட்டு நிற்பதையும். கந்தபுராணத்திலும் சூரன் பெற்ற வரம் பொய்க்கவில்லை. சிவசக்தியன்றிப் பிறிதொன்றால் அழிவில்லை என்ற வரத்தை, சிவனது நெற்றிக்கண்ணிலே தோன்றியவனே வந்து மெய்யாக்குகின்றான். இடர் வந்தவிடத்தெல்லாம் புதுப்புது மந்திரத்தைக் கண்டுபிடித்து நாயகனைக் காக்கும் கதைகள் இவ்வளவையிலே தோற்றுவிடும். நான் சிறுவயதிலே இட்ட முடிவு தோற்றதும் இதனாலேதான்.

இரண்டாவது விலை. அற்புதம் இலவசமாகக் கிடைப்பதாயின் அது வெறும் ஆசை நிறைவேற்றம். பெற்றதற்காக எதனையோ இழக்கும் கதையே மனத்தில் நிற்கும். டோல்கீனின் கதையிலே மோதிரம் அணிபவனை மறைக்கும். ஆனால் அணியுந்தோறும் அவனையே சிறிது சிறிதாகக் கவர்ந்துகொள்ளும். கதை முடிவிலே உலகம் காக்கப்படுகின்றது. காத்தவன் தன் ஊரிலே மகிழ்ந்து வாழ இயலாதவனாகின்றான். போரைக் கண்ட நம்மவருக்கு இதன் உண்மையை எவரும் விளக்கவேண்டியதில்லை.

மூன்றாவது மீட்சி. வாசகன் மாய உலகிலிருந்து மீண்டு வரும்போது தன் உலகைப் புதிய கண்ணோடு காணவேண்டும். புதுமைப்பித்தன் 1943இலே எழுதிய கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும் இதற்கு ஏற்ற சான்று. கடவுள் சென்னை நகரத் தெருவிலே வந்து, ஒரு சாதாரண மனிதரின் விருந்தினராகத் தங்குகின்றார். அற்புதம் என்று பார்த்தால் அதைவிடப் பெரிய அற்புதம் இல்லை. ஆயினும் வாசித்து முடித்தவனுக்குத் தெளிவாகத் தெரிவது கடவுளின் இயல்பன்று, நகரத்தின் இயல்பு. யதார்த்தக் கதையும் அற்புதக் கதையும் பகைவர் அல்லர் என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ? யதார்த்தவாதிகள் போற்றிய அதே ஆசிரியர் கடவுளைக் காப்பி அருந்த வைத்தார்.

விதி, விலை, மீட்சி என்னும் இம்மூன்றும் கைவரப் பெற்ற வாசகன் நூலைக் கொடுக்கும்போது அதனோடு ஒரு சொல்லையும் சேர்த்துக் கொடுப்பான். புராணத்துக்குப் பயன் சொன்னவரின் வழித்தோன்றல் அவன். நூலைப் பெறுபவர் யார் என்பதையும் அவன் எண்ணுவான். பத்து வயதுப் பிள்ளைக்கு வேதாளக் கதைகளைக் கொடுக்கலாம். பதினைந்து வயதினருக்குப் புதுமைப்பித்தனை அறிமுகப்படுத்தலாம். மெய்யியல் நாட்டமுள்ள மாணவருக்கு 1997இலே வெளிவந்த ஜெயமோகனின் விஷ்ணுபுரத்தைச் சொல்லலாம். ஆங்கிலம் வாசிக்க வல்லவர் டோல்கீனின் பெருங்கதைக்கு முன் 1937இலே வந்த ஹொபிற்று என்னும் சிறு நூலிலிருந்து தொடங்குவது நன்று. ஒருவருக்கு மருந்தாவது மற்றவருக்குப் பாரமாகலாம். அதனை அறிந்து கொடுத்தலே பரிந்துரை.

முடிக்குமுன் என் பிழை ஒன்றை ஒப்புக்கொள்ளல் வேண்டும். ஆசிரியத் தொழிலின் தொடக்க ஆண்டுகளிலே, பாடவேளையிலே மேசைக்கடியில் மாயக்கதை நூலொன்றை வாசித்துக்கொண்டிருந்த மாணவனிடமிருந்து அதனைப் பறித்து, தவணை முடியும் வரை பூட்டி வைத்தேன். பரீட்சைக்கு உதவாததைப் படிக்கின்றான் என்பது என் கோபம். தவணை இறுதியிலே திருப்பிக் கொடுக்க எடுத்தபோது பின்னட்டையின் உட்புறத்தைக் கண்டேன். பென்சிலினால் ஒன்பது பெயர்கள் எழுதப்பட்டிருந்தன. நான்கு பெயர்கள் கோடிட்டு வெட்டப்பட்டிருந்தன. ஐந்தாவது அம்மாணவன் பெயர். எஞ்சிய நால்வர் தத்தம் முறைக்காகக் காத்திருந்தனர். ஒவ்வொரு வெட்டிய பெயருக்கு அருகிலும் ஓரிரு சொற்கள் இருந்தன. ஒருவன் முதல் மூன்று அதிகாரத்தைப் பொறுத்துக்கொள் என்று அடுத்தவனுக்கு எழுதியிருந்தான்.

ஒரு வாசகனைத் தண்டித்தேன் என்று எண்ணியிருந்தேன். ஒரு வரிசையையே மறித்துவிட்டேன். என் வகுப்பிலே தமிழ்க் கட்டுரை எழுதத் தயங்கிய அதே பிள்ளைகள், யாரும் கேளாமல், புள்ளி பெறும் ஆசையும் இன்றி, ஒரு நூலைப் பற்றித் தம் தோழருக்குத் தீர்ப்பு எழுதியிருந்தார்கள். முதல் மூன்று அதிகாரத்தைப் பொறுத்துக்கொள் என்பது எத்துணை நேர்மையான திறனாய்வு! நூலின் குறையையும் கூறுகின்றது. அதனைத் தாண்டிச் செல்லும் தகுதி அதற்கு உண்டென்பதையும் கூறுகின்றது.

நம் பாடசாலை நூலகங்களிலே கடந்தகால வினாத்தாள்களின் தொகுப்புக்கள் நிறைந்திருக்கின்றன. மாலை முழுவதும் தனியார் வகுப்பு. இந்நிலையிலே பாடவேளை ஒன்றை வாரத்துக்கு ஒருமுறை ஒதுக்கி, தாம் வாசிக்கும் கதையைப் பிள்ளைகள் எழுந்து நின்று சொல்லவும், மற்றவர் வினாவவும் இடங்கொடுப்பது இயலாததன்று. அதற்குப் பெருஞ்செலவும் இல்லை. வேண்டுவன மூன்று: சில நூல்கள், ஒரு மணி நேரம், விடையை அறிந்தும் கூறாது கேட்டுக்கொண்டிருக்கும் பொறுமை உள்ள ஓர் ஆசிரியர். மூன்றாவதே அரிது, அதனை எம்மிடமிருந்தே தொடங்குவோம். கல்லூரியிலிருந்து பிரிந்து பல நாடுகளிலே வாழும் பழைய மாணவர்கள் தம் பிள்ளைகள் எந்தக் கதைகளை விரும்பி வாசிக்கின்றார்கள் என்பதை இங்குள்ள பிள்ளைகளுக்கு எழுதி அனுப்புவார்களாயின், அதுவும் ஒரு நன்கொடையே.

தொல்காப்பியர் உரைநடையை இரு கூறாக்கி ஒன்றைச் செவிலிக்கு உரியது என்றும் மற்றதை யாவர்க்கும் உரியது என்றும் கூறினார். செவிலி பெற்றவள் அல்லள், வளர்ப்பவள். கதையைக் கைமாற்றும் வாசகனும் அத்தகையவனே. அவன் கதையைப் படைக்கவில்லை. ஆனால் அவன் இல்லையேல் அது வளராது. யானையும் குருவியும் எங்கே சென்றன, என்ன செய்தன என்பதைப் பேராசிரியர் சொல்லவில்லை. அவர் காலத்திலே அதனை யாவரும் அறிந்திருந்தமையால் சொல்லவேண்டிய தேவை இருந்திராது. பின்னர் ஏதோ ஒரு தலைமுறையிலே, ஒருவர் மற்றொருவருக்குச் சொல்லாமல் விட்டார். அக்கதை இன்று நமக்கு இல்லை.

அப்பின்னட்டையிலே காத்திருந்த நால்வரும் பள்ளிக்கூடத்தை விட்டுச் சென்று பல ஆண்டுகளாயின. அவர்கள் அந்நூலை வாசித்தார்களோ என்பதை நான் கேட்டறியவில்லை. அன்றுமுதல் மாணவரிடமிருந்து எடுக்கும் நூலின் பின்னட்டையை முதலிற் பார்ப்பது என் வழக்கம்.